எவரைக் காணவில்லை என்று கேட்கும் கடமை

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

வேலூர் லாங்கு பஜாரின் நெரிசலுக்கு நடுவே நிற்கும் மணிக்கூண்டை நம்மூரார் அனைவரும் அறிவர். ஆனால் அதில் பதிக்கப்பட்டுள்ள கல்லை நின்று படித்தவர் மிகச் சிலரே. முதல் உலகப்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர்நீத்தனர் என்றும் அக்கல் ஆங்கிலத்தில் அறிவிக்கிறது. அவ்வளவே. பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

மக்தப் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வழியே சென்ற ஒரு மாலையில், பத்து வயது மாணவன் ஒருவன் அக்கல்லை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “ஹஜ்ரத், இந்த 14 பேர்ல நம்ம ஆளுங்க எத்தனை பேர்?” என்று கேட்டான். கல்லில் விடை இல்லை. நம்மிடமும் இல்லை. மஹல்லாவின் முதியவர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தோம். அவர்களும் தலையசைத்துவிட்டு மௌனமானார்கள். நூற்றாண்டு ஒன்று கடப்பதற்குள் ஓர் ஊர் தன் பிள்ளைகளின் பெயர்களை முற்றாகத் தொலைத்துவிட்டிருக்கிறது.

போருக்குச் சென்று திரும்பாத நம் முன்னோரைப் பெயரறிந்து நினைவுகூர்வதும் அவர்களுக்காகத் துஆச் செய்வதும் நம் ஜமாஅத்துகளின் மீதுள்ள பொறுப்பு என்பதே நம் கருத்து. இதில் நம் சமுதாயத்துக்குள் சில தயக்கங்கள் இருப்பதை அறிவோம். அவற்றையும் எடுத்துப் பேசவே விரும்புகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் தேடிய மனிதர்

ஸஹீஹ் முஸ்லிமில் அபூபர்ஸா (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ள நிகழ்ச்சி ஒன்றை நாம் அனைவரும் கேட்டிருப்போம். ஒரு போர் முடிந்தது. அல்லாஹ் வெற்றியை அளித்திருந்தான். நபி (ஸல்) அவர்கள் தோழர்களைப் பார்த்து, எவரையேனும் காணவில்லையா என்று வினவினார்கள். தோழர்கள் இன்னின்னார் என்று சில பெயர்களைக் கூறினார்கள். மீண்டும் அதே வினா. மீண்டும் சில பெயர்கள். மூன்றாம் முறை கேட்டபோது, வேறு எவரும் இல்லை என்றார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள், தாம் ஜுலைபீபைக் காணவில்லை என்றும், அவரைத் தேடுங்கள் என்றும் பணித்தார்கள்.

ஜுலைபீப் (ரலி) அவர்கள் பெருங்குலத்தவரோ, செல்வரோ, தலைவரோ அல்லர். அதனாலேயே மற்றவர்களின் கணக்கில் அவர் விடுபட்டுப் போனார். எதிரிகள் எழுவரின் உடல்களுக்கு அருகே அவருடைய உடல் கிடந்தது. நபி (ஸல்) அவர்கள் அவரைத் தம்மைச் சேர்ந்தவர் என்று அறிவித்து, கப்ரு தோண்டி முடியும்வரை தம் கரங்களிலேயே ஏந்தியிருந்தார்கள். கட்டில் கூட இல்லாத ஓர் ஏழையின் ஜனாஸாவுக்கு நாயகத்தின் முன்கைகளே கட்டிலாயின.

இதனோடு இணைத்துப் பார்க்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. நஹாவந்துப் போரின் செய்தியை உமர் (ரலி) அவர்களிடம் கொண்டுவந்த தூதர், மாண்ட தளபதியின் பெயரையும் அறியப்பட்ட சிலரின் பெயர்களையும் கூறிவிட்டு, அமீருல் முஃமினீன் அறியாத வேறு பலரும் மாண்டனர் என்றார். உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். உமர் அறியாததால் அவர்களுக்கு என்ன குறை, அவர்களைச் சிறப்பித்த அல்லாஹ் அவர்களை அறிவான் என்பது அவர்கள் சொன்னதன் கருத்து.

இவ்விரண்டாம் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘அல்லாஹ் அறிவான், நாம் ஏன் தேட வேண்டும்?’ என்று கேட்போர் உள்ளனர். அல்லாஹ் ஜுலைபீபையும் அறிந்தே இருந்தான். அப்படியிருந்தும் நபி (ஸல்) அவர்கள் தேடச் சொன்னார்கள். அல்லாஹ்வின் அறிவு மாண்டவருக்கு ஆறுதல். நம் சோம்பலுக்கு அது சாக்கு ஆகாது. உமர் (ரலி) அவர்கள்கூட ‘அல்லாஹ் அறிவான்’ என்று சொல்வதற்கு முன் அழுதார்கள் அல்லவா? அந்த அழுகை நம்மிடம் எங்கே?

சென்றவர்கள் எங்கே சென்றார்கள்

1914 முதல் 1918 வரை நடந்த அப்போருக்குப் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களும் தொழிலாளர்களும் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். அவர்களுள் 74,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பஞ்சாபைப் போல் பெருந்தொகையினர் இல்லையெனினும், மதராஸ் மாகாணத்தவரும் அதில் இருந்தனர். பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா கடற்கரையில் இறக்கப்பட்டுப் பெருந்தோல்வியைச் சந்தித்தது. பாலம் கட்டுவதும் அகழி வெட்டுவதும் தொழிலாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினர் இன்றைய இராக்கான மெசபடோமியாவில் பணியாற்றினர். சிப்பாயின் மாதச் சம்பளம் அந்நாளில் 11 ரூபாய். அந்த 11 ரூபாயை எதிர்பார்த்து ஊரில் ஒரு தாயும் மனைவியும் காத்திருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு, அவர்கள் ஏன் சென்றார்கள் என்று இன்று வசதியாக அமர்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது நியாயமன்று.

மெசபடோமியாவில் மாண்டு, கப்ரு இன்னதென்று அறியப்படாதவர்களுக்காகப் பஸராவில் ஒரு நினைவுச்சின்னம் 1929இல் திறக்கப்பட்டது. 40,000க்கும் மேற்பட்டோர் அதில் நினைவுகூரப்படுகின்றனர். பிரிட்டிஷாரின் பெயர்கள் கல்லில் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டன. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர் கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்களோ படைப்பிரிவின் பெயருக்குக் கீழே வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். போர்க் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையம் 2021ஆம் ஆண்டில்தான் இப்பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் உருவான நகரம் பஸரா. தாம் அறியாத வீரர்களுக்காக அவர்கள் கண்ணீர் விட்டார்கள். பதின்மூன்று நூற்றாண்டுகள் கழித்து அதே நகரில், முஸ்லிம்களும் அல்லாதாருமாகப் பல்லாயிரவர் எண்களாக மாற்றப்பட்டனர். அந்நியர் அவர்களை எண்களாக்கினார்கள் என்று குறைகூறும் தகுதி நமக்கு உண்டா? லாங்கு பஜாரின் 14 என்ற எண்ணை நாம் பெயர்களாக மாற்ற முயன்றோமா?

அந்நியருக்காகப் போரிட்டவர்கள் தானே என்ற தயக்கம்

முதல் தயக்கம் இதுவே. அவர்கள் வெள்ளையருக்காகப் போரிட்டார்கள். அதிலும் மெசபடோமியாவில் எதிரே நின்றது உஸ்மானியக் கிலாஃபத்தின் படை. போர் முடிந்த மறு ஆண்டே கிலாஃபத் இயக்கம் நாடெங்கும் பரவியது. அக்காலத்தில் தம் வீட்டுப் பிள்ளை எந்தப் போரில் மாண்டான் என்று வெளியே சொல்லக் குடும்பங்கள் கூசியிருக்கக்கூடும். கூச்சம் மௌனமாகி, மௌனம் மறதியாயிற்று என்று எண்ணுகிறோம்.

இது எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. உஸ்மானியருக்கு எதிராகவும் புனித நகரங்களின் அருகிலும் போரிட மறுத்துத் தண்டனை ஏற்ற முஸ்லிம் சிப்பாய்கள் அப்போரில் உண்டு. ஏற்றுச் சென்றவர்களும் உண்டு. யார் அறியாமல் சென்றார், யார் நிர்ப்பந்தத்தால் சென்றார், யார் வறுமையால் சென்றார் என்பதை நாம் அறியோம். முற்காலத் தலைமுறைகளின் நிலை என்ன என்று ஃபிர்அவ்ன் வினவியபோது, அந்த அறிவு தம் இறைவனிடம் பதிவேட்டில் உள்ளது என்று மூஸா (அலை) அவர்கள் விடையளித்ததைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது. இறந்தோரை ஏசவேண்டாம், அவர்கள் தாம் முற்படுத்தியதன்பால் சென்று சேர்ந்துவிட்டார்கள் என்ற கருத்தில் நபிமொழியும் உள்ளது. அவர்களைத் தியாகிகளாக உயர்த்துவதும் துரோகிகளாகத் தாழ்த்துவதும் நம் வேலை அன்று. ஒருவரை ஷஹீத் என்று அறுதியிட்டுக் கூறும் அதிகாரமும் நமக்கு இல்லை. நம்மிடம் எஞ்சியிருப்பது அவர்களுக்காக மஃபிரத் கேட்கும் உரிமை ஒன்றே.

நம்மூரிலேயே இதற்கொரு பாடம் உண்டு. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். தாடியையும் நெற்றிக் குறியையும் தடுத்து, புதிய தொப்பியைத் திணித்த ஆணை முஸ்லிம், இந்து ஆகிய இருசாராரையும் ஒருங்கே புண்படுத்தியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் அன்று கொல்லப்பட்டனர். மக்கான் பகுதியில் அவர்களுக்கொரு நினைவுத்தூண் இருக்கிறது; ஆண்டுதோறும் அங்கே மரியாதை செலுத்தப்படுகிறது. ஆக, வெள்ளையரை எதிர்த்து மாண்டவர்களுக்கு ஒரு தூணும், வெள்ளையரின் படையில் மாண்டவர்களுக்கு ஒரு கல்லும் ஒரே ஊரில் உள்ளன. இருவகையினரும் இதே மண்ணின் எளிய வீடுகளிலிருந்து சென்றவர்களே. முதல் வகையினரை நினைப்பதில் பெருமை இருக்கிறது. இரண்டாம் வகையினரை நினைப்பதில் பெருமை இல்லாமல் இருக்கலாம். ஆனால் துஆவுக்குப் பெருமை நிபந்தனை அன்றே!

தகரப் பெட்டியின் அடியில்

மணிக்கூண்டு நிகழ்ச்சியைப் பற்றி ஜும்ஆவுக்குப் பின் சிலரிடம் பேசிக்கொண்டிருந்தோம். அதைக் கேள்வியுற்ற ஒரு மூதாட்டியார் தம் பேரனிடம் ஒரு பொருளைக் கொடுத்தனுப்பினார். சாண் அகலத்திலும் சற்றுக் குறைந்த வட்டமான வெண்கலத் தட்டு அது. ஒரு பெண்ணுருவமும் சிங்கமும் அதில் வார்க்கப்பட்டிருந்தன. உருவம் பொறித்த பொருள் என்பதால் சுவரில் மாட்டாமல், எறியவும் மனமின்றி, தகரப் பெட்டியின் அடியில் துணியால் சுற்றி மூன்று தலைமுறையாக வைத்திருந்தார்கள். அது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. போரில் மாண்டவர்களின் குடும்பத்தாருக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவுத் தட்டு அது. பதவியோ பட்டமோ இன்றி மாண்டவரின் பெயர் மட்டும் அதில் வார்க்கப்பட்டிருக்கும்.

பேரன் அப்பெயரை உரக்கப் படித்தான். மறுநாள் மூதாட்டியாரைச் சந்தித்தபோது, தம் மாமியார் ஒவ்வோர் இரவும் பெயர் சொல்லாமல் ‘போனவர்’ என்று மட்டும் சொல்லித் துஆச் செய்வார் என்று கூறினார். அந்தப் ‘போனவர்’ யார் என்பது அவ்வீட்டுக்கு அன்றுதான் தெரிந்தது. அக்குடும்பத்தாரின் விருப்பத்துக்கு இணங்க அப்பெயரை இங்கு எழுதவில்லை. அவர் அந்த 14 பேருள் ஒருவரா என்பதையும் இன்னும் உறுதி செய்ய இயலவில்லை.

‘போனவர்’ என்ற அச்சொல்லில் ஒரு ஷரீஅத் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. போருக்குச் சென்றவர் மாண்டாரா, சிறைப்பட்டாரா என்று உறுதியாகத் தெரியாதபோது அவரை ஃபிக்ஹு நூல்கள் ‘மஃப்கூத்’, அதாவது காணாமற்போனவர், என்று அழைக்கின்றன. மரணம் உறுதிப்படாமல் மனைவிக்கு இத்தா தொடங்காது, மீராஸ் பங்கிடப்படாது. நம் ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பின்படி, காணாமற்போனவரின் சம வயதினர் மறையும் காலம்வரை மனைவி காத்திருக்க வேண்டும். மாலிக்கி மத்ஹபில் அது நான்காண்டு. இந்தியாவில் ஹனஃபி உலமாக்கள் இப்பெண்களின் துயரைக் கண்டு மாலிக்கித் தீர்ப்பை ஏற்றார்கள். கணவன் நான்காண்டுகள் இருப்பிடம் தெரியாமற்போனால் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்று 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. அச்சட்டத்துக்கு முன்னர், பஸராவிலிருந்து கடிதம் வராத எத்தனை பெண்கள் மனைவியும் இல்லாமல் விதவையும் இல்லாமல் முதுமையடைந்திருப்பார்கள்! ஒரு போர்வீரரின் பெயரைத் தேடுவது அவரோடு புதைந்துபோன அப்பெண்ணின் காத்திருப்பையும் தேடுவதாகும்.

சான்றிதழ் ஆக்க வேண்டாம்

இரண்டாம் ஆபத்து நம்மிடமிருந்தே வருவது. முஸ்லிம்களின் நாட்டுப்பற்று கேள்விக்குள்ளாக்கப்படும்போதெல்லாம் நாம் பட்டியலை எடுக்கிறோம். 1948இல் காஷ்மீரில் மாண்ட பிரிகேடியர் உஸ்மான், 1965இல் மாண்டு பரம்வீர் சக்ரா பெற்ற ஹவில்தார் அப்துல் ஹமீத் என்று பெயர்களை அடுக்குகிறோம். அவர்கள் மதிப்புக்குரியவர்கள். ஆனால் ஒரு விவாதத்தில் வெல்வதற்காக மட்டும் இறந்தவர்களைத் தட்டியெழுப்பி, விவாதம் முடிந்ததும் மறந்துவிடுவது நன்றியுடைமை ஆகாது. பதக்கம் பெற்றவர்களை நாடு நினைத்துக்கொள்ளும். பதக்கமில்லாதவரை அவருடைய மஹல்லா நினைக்காவிட்டால் வேறு யார் நினைப்பார்? நம்மை எவரேனும் சந்தேகிக்கிறார்கள் என்பது அவர்களை நினைப்பதற்குக் காரணமாக வேண்டியதில்லை. அவர்கள் நம் இறந்தோர், அக்காரணம் போதும்.

அதேபோல், ‘நம்ம ஆளுங்க எத்தனை பேர்’ என்ற மாணவனின் கேள்வியையும் சற்றே திருத்த வேண்டியிருந்தது. யூதர் ஒருவரின் பிரேதம் கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிரன்றோ என்று காரணமும் கூறினார்கள். அந்த 14 பேரும் நம் ஊரார். அவர்களில் முஸ்லிம்களுக்காக மஃபிரத் கேட்பது நம் மார்க்கக் கடமை. மற்றவர்களின் பெயர்களைத் தேடும் அண்டை வீட்டாருக்குத் துணைநிற்பது நம் அண்டைக் கடமை.

செய்யக்கூடியவை

ஆண்டு நினைவு நாள் குறித்து விழா எடுங்கள், மலர் தூவுங்கள், விளக்கேற்றுங்கள் என்று நாம் கூறவில்லை. நாள் குறித்துச் செய்யும் சடங்கு மார்க்கமாக மாறிவிடும் என்ற உலமாக்களின் அச்சம் நியாயமானது. உஹதில் மாண்டவர்களின் கப்ருகளுக்கு நபி (ஸல்) அவர்கள் சென்று அவர்களுக்காகத் துஆச் செய்தார்கள். அந்த அளவே நமக்குப் போதும்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் இளைஞர் இருவர் மூவர் முன்வந்து, முதியவர்களிடம் கேட்டுப் பெயர்களைப் பதியலாம். ஜமாஅத்தின் பழைய நிக்காஹ் புத்தகங்களையும் வீடுகளில் கிடக்கும் ஓய்வூதியத் தாள்களையும் பார்க்கலாம். பழைய பதக்கம் கிடைத்தால் அதை உருக்கவோ விற்கவோ செய்யாமல் விளிம்பைக் கவனியுங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். காமன்வெல்த் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைக் கொண்டு தேடலாம். இந்திய வீரர் பலரின் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும்கூட அதில் காணப்படுகின்றன. ஷேக் என்பதும் முஹம்மது என்பதும் ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதால், பொறுமையோடு எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் தேட வேண்டும். இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் முஸ்லிம் வீரர்கள் 27 பேர் அடக்கப்பட்டிருந்த இடம் பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்தது. 2015இல் அது பூங்காவாகச் சீரமைக்கப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு மரமாக 27 மரங்கள் நடப்பட்டன. அவர்களின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன. அந்நிய மண்ணில் இயன்றது அவர்கள் பிறந்த மண்ணில் இயலாதா?

இன்று படையில் பணியாற்றும் பிள்ளைகளின் வீடுகளும், அவர்களை இழந்த வீடுகளும் நம்மிடையே உண்டு. அவ்வீட்டுப் பெண்ணின் நலம் விசாரிப்பதும் பிள்ளைகளின் படிப்புக்குத் தோள்கொடுப்பதும் இந்நினைவின் உயிருள்ள பகுதியாகும். நூறாண்டு கழித்து இன்னொரு மாணவன் இன்னொரு கல்லின் முன் நின்று விடையின்றித் திகைக்கக் கூடாது.

அந்த மாணவன் இப்போது ஒவ்வொரு வாரமும், “பேரு கிடைச்சுதா ஹஜ்ரத்?” என்று கேட்கிறான். அவனறியாமல் அவன் கேட்பது நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் மும்முறை கேட்ட அதே கேள்வி. எவரையேனும் காணவில்லையா? ‘இல்லை’ என்று நாம் இதுகாறும் சொல்லி வந்தோம். இனியேனும் தேடத் தொடங்குவோம்.

யா அல்லாஹ், எங்கோ மாண்டு, எவர் கையாலோ அடக்கப்பட்டு, பெயரறியப்படாமல் உறங்கும் எங்கள் முன்னோரின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக. அவர்களுக்காகக் காத்திருந்து கண்மூடிய தாய்மார்களையும் மனைவியரையும் அவர்களோடு உன் சுவனத்தில் ஒன்று சேர்ப்பாயாக. அவர்களை மறந்த எங்களையும் மன்னிப்பாயாக. ஆமீன்.